தங்கம் சுடுகிறவள்

மூன்று லிட்டர் பிடிக்கிற மஞ்சள் குடுவையை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து, உடம்பில் ஏறிய பாதரசத்தை அளக்க, நாளைக் காலையில் முதல் தடவை போவதை மட்டும் விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை வரை போகிற சிறுநீரை எல்லாம் சொட்டுச் சிந்தாமல் இதில் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, எங்கள் ஊர் ஆம்பிளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எங்கள் தங்கச் சுரங்க ஊரான அகுவா சலாடாவில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. மறுநாள் மத்தியானம் இருபத்தாறு பேரும் என் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார்கள். ஒருத்தனைத் தவிர எல்லார் கக்கத்திலும் ஒரு குடுவை.

"நிக்கோலாசாக்கா, ஆட்டுக்கறி சூப்பு ரெண்டு. எனக்கு ஒண்ணு, என் குடுவைக்கு ஒண்ணு."

"மேசை மேல வைக்காதடா, சனியனே! சாப்பிடுற எடம்."

"கீழ வச்சா உங்க நாய் தட்டி விட்டுரும். ஒரு சொட்டு கொறையக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"அப்ப மடியில வச்சுக்கிட்டுத் தின்னு."

வெளியே பதினோரு மணிக்குக் கிளம்பிய காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கடலிலிருந்து வருகிற காற்று. எங்கள் வறண்ட ஓடைக்குள் நுழைந்துவிட்டால் சாயங்காலம் வரை வெளியேறாது. தண்ணீர் லாரி வராத நாள். இருந்த தண்ணீரில் ஊறவைத்த சோளமும் உருளைக்கிழங்கும் போட்டு எப்படியோ ஒரு சூப்பு வைத்திருந்தேன். கேலியும் கும்மாளமுமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எவரிஸ்தோ மட்டும் குடுவை இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஒன்னோடது எங்க கொம்பாத்ரே?" என்று கேட்டேன். அவன் மகளுக்கு ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாய். அதனால் அவன் எனக்குக் கொம்பாத்ரே, அவன் பெண்டாட்டி டெல்மிரா எனக்குக் கொமாத்ரே. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவர்களைவிட இந்த உறவுக்கு மரியாதை ஜாஸ்தி.

"வீட்ல இருக்கு. நான் என்ன இவனுங்கள மாதிரி ஊர்கோலம் போறவனா?" என்றான்.

சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அப்படியும் மூன்றாவது மடக்கு சட்டையில் சிந்தியது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். ஊரிலேயே பெரிய ஆட்டக்கல் அவனுடையது. இடுப்பு உயரப் பாறை, அடிப்பக்கம் வளைவு. மேலே கட்டிய பலகையில் ஏறி நின்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கீழே குழியில் தாதுமண்ணும் தண்ணீரும் பாதரசமும் அரைபடும். மண்ணில் இருக்கிற தங்கத்தைப் பாதரசம் கவ்விக்கொள்ளும். அதைத் துணியில் போட்டுப் பிழிந்தால் வெள்ளையாக ஒரு உருண்டை நிற்கும். சுரங்கத் திருவிழாவில் மூன்று வருஷம் தொடர்ந்து கல் ஆட்டும் போட்டியில் ஜெயித்தவன் எவரிஸ்தோ. இப்போது, உடம்பில் பாதரசம் ஐம்பதுக்கு மேல் இருக்கிறவன் கல்லை விட்டு இறங்கவேண்டும், மருந்து முடிகிற வரைக்கும் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தான் இறங்கினால் தன் கல்லில் எவன் ஏறுவான் என்ற நினைப்பே அவனுக்குத் தொண்டையில் முள்.

அன்றைக்குப் பின்மத்தியானம் டெல்மிராவைப் பார்க்கப் போனேன். சமையலறையில் உருண்டை சுட்டுக்கொண்டிருந்தாள். உருண்டை வரைக்கும் ஆம்பிளை வேலை. வீட்டுக்கு வந்த பிறகு அது பெண்டாட்டி கையில். கல்யாணமான அன்றைக்கே மாமியார்க்காரி மருமகள் கையில் இரும்புத் தட்டைக் கொடுத்துவிடுவாள். உருண்டையைத் தட்டில் வைத்து அடுப்பில் ஏற்றினால் பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் நிற்கும். அவசரப்பட்டால் வெடித்துச் சிதறும், அசந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். டெல்மிரா சுட்ட தங்கத்தில் வெள்ளைப் புள்ளியை எவனும் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துக்காரிகள் நல்ல உருண்டை கிடைத்தால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். எனக்கே பெருமையாக இருக்கும், அவள் என் கொமாத்ரே என்று.

"குனிஞ்சு பாருங்க கொமாத்ரே, இப்ப நிறம் மாறும் பாருங்க," என்றாள். முகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறம் மெல்ல மங்கி, ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறியது. அவள் சிரித்தாள். ஈறு ஓரமெல்லாம் ரத்தம்.

"வாயில என்ன?"

"பல்லு ஆடுது. வயசாகுதுல்ல."

"ஒனக்கு என்ன வயசு, முப்பத்தாறு!"

"அதுவும் மறந்துபோச்சு," என்று சிரித்தாள். இடுக்கியைக் கீழே வைக்கும்போது அது தட்டில் பட்டுக் கடகடவென்று அடித்தது. கையை இடுப்பில் கட்டியிருந்த துணிக்குள் மறைத்துக்கொண்டாள். "குளிருக்கு" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூலையில் மஞ்சள் குடுவை இருந்தது. "வீட்டுப் பொம்பளைங்களோடதும் வேணும்னு டாக்டரம்மா கேட்டாங்களாம். இவர்தான் கொண்டுவந்தாரு. ஒரு சொட்டு விடல நான்," என்றாள். அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை, என்ன சொல்ல!

எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே நினைப்பு: பாதரசம் ஈரத்தில்தான் கடிக்கும். அதனால் ஆம்பிளைகள் ரப்பர் பூட்ஸ் போடுவார்கள். புகையை யார் எண்ணினார்கள்? ஜன்னல் வழியாகப் போகிற சனியன் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா காகிதக் கட்டோடு நேராக என் கடைக்கே வந்தாள். பெயர் பெனாவிடெஸ். அரெக்கிப்பா நகரத்திலிருந்து வந்த சின்னப் பெண், கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் தூங்காத கண்.

"எவரிஸ்தோ எங்க?"

"இந்தா இருக்கேன் டாக்டரம்மா."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கையை நீட்டுங்க." நீட்டினான். நடுங்கியது. "சட்டைப் பட்டனக் கழட்டி மாட்டுங்க." கொஞ்ச நேரம் எடுத்து மாட்டினான். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள்.

"பத்துக்குள்ள இருந்தா பயமில்ல. ஐம்பதுக்கு மேல போனா மருந்து. ஒங்களுக்கு வந்திருக்கிறது எரநூத்திப் பதினாலு. கல்லுல நிக்கிறவங்க யாருக்கும் நூறு தாண்டல. இவ்வளவு இருந்தா நீங்க இப்ப பட்டன் மாட்டியிருக்க முடியாது. எனக்கு ஒண்ணும் புரியல எவரிஸ்தோ."

எவரிஸ்தோவின் முகம் சுண்ணாம்பாய்ப் போனது. பெஞ்சில் உட்கார்ந்தான். "தப்பா இருக்கும்," என்று முனகினான்.

"தப்பு இல்ல. ரெண்டு தடவ பாத்திருக்காங்க. வீட்ல வேற யாராவது பாதரசம் தொடுறாங்களா?"

எனக்குப் பொறி தட்டிவிட்டது. "அடப் பாவி! மூலையில இருந்தது ஒன்னோட குடுவையாடா?" என்று கத்தினேன். கையில் கரண்டி இருந்தது. அதாலேயே ஒன்று போட்டிருப்பேன், டாக்டரம்மா இருந்தாள் என்று விட்டேன்.

"அவ கல்லுல ஏறுனதே இல்ல கொமாத்ரே," என்றான். "அவ ஒடம்பு சுத்தமா இருக்கும்னு நெனச்சேன். நம்பர் கொறச்சலா வந்தா கல்ல விட்டு எறங்க வேண்டாம்னு..." அப்புறம் அழுதுவிட்டான். கடையில் இருந்த நாலு பேர் பார்க்க அழுதான்.

எவரிஸ்தோவையும் இழுத்துக்கொண்டு போய் டெல்மிராவிடம் நான்தான் சொன்னேன். காகிதத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? திருடணுமா?" என்று அவன் மேல் பாய்ந்தாள். "என் மூத்திரத்தக் கூடவா ஒன் பேருல எழுதணும்? நான் சுட்ட தங்கம் ஒன் பேருல போச்சு, சரி. வலிச்ச பல்லு என்னோடது. தூக்கம் வராத கண்ணு என்னோடது. இந்தக் கை என்னோடது. இதுவும் ஒன் பேருலயா?"

"தப்புத்தான் டெல்மிரா. அடி என்னை."

"அடிக்க இந்தக் கையில சீவன் இருக்கா? பாரு!" என்று இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவை காற்றில் ஆடின.

அடுத்த சிக்கல் மருந்தில் வந்தது. பாதரசத்தை உடம்புக்குள் பிடித்துக் கட்டி, சிறுநீரோடு வெளியே இழுத்துக்கொண்டு வருகிற கேப்ஸ்யூல் அது. தலைநகர் லீமாவிலிருந்து எண்ணி அனுப்பியிருந்தார்கள், பாதரசத் தொழிலாளிகளுக்கு என்று. சுரங்கத் தொழிலாளர் சங்கத்துப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் கொடுக்கலாம். டெல்மிராவின் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று இருந்தது.

"சங்கம் ஒங்க பேர எழுதிக் குடுத்தா நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்," என்றாள் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு. இனிமே ஒரு உருண்டை கூடச் சுடக் கூடாது. அந்தச் சமையலறையில காலே வைக்கக் கூடாது. நீங்க புகையக் குடிச்சுக்கிட்டே மருந்து சாப்பிட்டா, ஓட்டைய அடைக்காம தோணியில தண்ணி இறைக்கிற மாதிரி. அத விட மோசம், மருந்தே பாதரசத்தக் கூடுதலா உள்ள இழுத்துவிடலாம்."

"சுடாம இருந்தா நான் யாரு டாக்டரம்மா?" என்று கேட்டாள் டெல்மிரா.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொடி ஏற்றி முடிந்ததும் சங்கக் கொட்டகையில் கூட்டம். பெண்கள் வாசலுக்கு வெளியே நிற்பதுதான் வழக்கம். டெல்மிரா உள்ளே நடந்துபோய் மேசைக்கு முன்னால் நின்றாள். பின்னால் நான். தலைவர் க்ளீமாக்கோ, மரியாதைக்கு எல்லாரும் டோன் க்ளீமாக்கோ என்போம், தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தன் வாயிலிருந்து விழுந்த வார்த்தையைத் தானே எடுக்கமாட்டார்.

"என்னம்மா வேணும்?"

"என் பேர எழுதணும் டோன் க்ளீமாக்கோ."

"இது தொழிலாளிங்க பதிவேடு. கல்லுல நிக்கணும், இல்ல சுரங்கத்துக்குள்ள போகணும். அடுப்படியில நிக்கிறத எல்லாம் வேலைன்னு எழுதுனா எங்க வீட்டுப் பூனையையும் எழுதணும்."

கொட்டகை சிரித்தது. டெல்மிரா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"போன வியாழக்கெழம ஒங்க உருண்டையச் சுட்டது யாரு?"

"என் பொஞ்சாதி பசிலிசா. வேற யாரு?"

"சுடாம வெள்ளையாவே கொண்டுபோயிருந்தா கடைக்காரன் தங்கம்னு வாங்கியிருப்பானா?"

டெல்மிரா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூலையில நிக்கிற நீ சொல்லு. ஒன்னோடது யாரு சுட்டது? ஒன் அம்மா. நீ? ஒன் மச்சினி. நீங்க எல்லாரும் கொண்டுவந்தது வெறும் வெள்ளை உருண்டை. அத மஞ்சளாக்குனது நாங்க. கல்லுல நின்ன ஒருத்தனுக்கும் நூறு தாண்டல. எனக்கு எரநூத்திப் பதினாலு! யாரு வேலை செஞ்சா, சொல்லுங்க?"

"அந்த நம்பர் எவரிஸ்தோவோடதுல்ல?" என்று அன்றைக்குக் கடையில் இல்லாத ஒருவன் கேட்டான்.

எவரிஸ்தோ கடைசி வரிசையிலிருந்து எழுந்தான். தொப்பியைக் கசக்கிக்கொண்டே வந்தான். மூன்று வருஷம் ஜெயித்தவன் நடக்கிற நடையா அது!

"இல்ல. நான் குடுத்தது இவளோடது. எனக்குக் கை நடுங்குது. ரெண்டு வருசமா நடுங்குது. கல்ல விட்டு எறக்கிருவாங்கன்னு பயந்து திருட்டுத்தனம் பண்ணேன்." கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். "என் பேர அடிச்சிட்டு அந்த எடத்துல இவ பேர எழுதுங்க டோன் க்ளீமாக்கோ."

"ஒன் பேரு எனக்கு எதுக்கு?" என்றாள் டெல்மிரா, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஒன் பேரு ஒனக்கு. எனக்குன்னு பேரு இருக்கு. அத எழுதட்டும்."

வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்துவிட்டார்கள், யாரும் தடுக்கவில்லை. க்ளீமாக்கோ பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.

"வேலைங்கிற எடத்துல என்னன்னு எழுத?"

"தங்கம் சுடுறவ."

எழுதினார். மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார், கட்டைவிரல் வைக்கட்டும் என்று. அவள் அதைத் திரும்பத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் மலை ஏறி இறங்கின. ஒரு எழுத்துப் பக்கத்து வரிக்கே போய்விட்டது. ஆனால் விடவில்லை, கடைசிப் புள்ளி வரை போட்டாள். என் கொமாத்ரே என்று உரக்கக் கத்தவேண்டும் போல இருந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மருந்து ஆரம்பித்தது. வேளைக்கு ஐந்து கேப்ஸ்யூல். முதல் ஐந்து நாள் மூன்று வேளை, அப்புறம் பதினாலு நாள் இரண்டு வேளை. டப்பாவைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். அவள் வாயும் அப்படியே, வியர்வையும் அப்படியே. என் கடைப் பின்னறையில்தான் தங்க வைத்திருந்தேன். சாப்பிட வந்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

"அக்கா, முட்டை கெட்டுப்போச்சு போல."

"முட்டை இல்லடா, மருந்து. நாறுதுன்னா வெளிய நின்னு தின்னு."

முதல் வாரம் குமட்டலில் சுருண்டு கிடந்தாள். வெந்த உருளைக்கிழங்கைத் தவிர எதுவும் இறங்கவில்லை. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. வாரம் ஒரு தடவை டாக்டரம்மா ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். எவரிஸ்தோவுக்குத் தன் சொந்தக் குடுவையில் எழுபத்தொன்று வந்தது. கல்லை விட்டு இறங்கினான், அவனும் கேப்ஸ்யூல் விழுங்கினான். சும்மா உட்காரத் தெரியாதவன், டாக்டரம்மா கொடுத்த முகமூடியைக் கட்டிக்கொண்டு சமையலறையைச் சுத்தம் பண்ணக் கிளம்பினான். போய்ப் பார்த்தால், சுவரை நனைத்துச் சுரண்டிய கரியை ஒரு சாக்கில் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

"இது எதுக்கு?"

"கொமாத்ரே, பதினோரு வருசத்துக் கரி. இதுல தங்கம் ஒட்டியிருக்கும். தட்டுல போட்டுச் சுட்டா..."

"ஒன்னைப் போட்டுச் சுடுவேன்! அவ உசுரு மேல ஒட்டியிருந்தது இது. எடுத்துக்கிட்டுப் போய் டாக்டரம்மா காட்டுன குழியில போட்டு மூடு!"

போட்டான். கூரைத் தகட்டையும் கழற்றி அதே குழியில் போட்டான். சங்கம் வாங்கித் துருப்பிடிக்கவிட்ட மூடுபானை ஒன்று இருந்தது, புகை வெளியே வராமல் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போகிற மாதிரி. அதை ஓடைக் கடைசியில் நிறுத்தி உருண்டைகளை அதில் சுட ஆரம்பித்தார்கள். தங்கம் கருப்பாக, அழுக்காக வந்தது. "நிறமா இது!" என்று டெல்மிரா படுக்கையிலிருந்தே காறித் துப்பினாள். பிழைத்துவிடுவாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

மருந்து ஆரம்பித்த அன்றைக்கே பிடித்த குடுவையின் முடிவு வந்தபோது கடை நிறைய ஆட்கள். டாக்டரம்மா காகிதத்தை நீட்டினாள். நான் எண்ணைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். அறுநூற்று நாற்பது!

"பாத்தீங்களா!" என்றார் க்ளீமாக்கோ, கிண்ணத்தை வைத்துவிட்டு. "எரநூறா இருந்தது அறுநூறாயிருச்சு. மருந்துன்னு சொல்லிப் பாதரசத்தையே ஊத்துறாங்க. நான் அப்பவே நெனச்சேன்." நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டான்.

டாக்டரம்மா பேசவந்தாள். டெல்மிரா கையை உயர்த்தி நிறுத்தினாள். பின்னறை வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"டோன் க்ளீமாக்கோ, நல்ல தாது கெடக்கிற எடத்துல வெடி வச்சா முதல் நாள் அதிகமா வருமா, கொறச்சலா வருமா?"

"அதிகமா வரும்."

"வெடி மருந்தா தங்கத்தக் கொண்டுவந்து வச்சது? பாறைக்குள்ள இருந்ததுதான வருது? எனக்குள்ள பதினோரு வருசத்துச் சரக்கு கெடக்கு. இப்பத்தான் வெளிய வருது. இந்த ஓடையில இத்தன ஆம்பளைங்க இருக்கீங்க, இவ்வளவு சின்னச் சுரங்கத்துலருந்து ஒரே நாள்ல இவ்வளவு எடுத்தவன் எவனாவது இருந்தா கையத் தூக்குங்க!"

கடையே வெடித்துச் சிரித்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதேதான். நானே இவ்வளவு தெளிவா சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள். எழுந்தவன் தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இன்னும் இரண்டு சுற்று மருந்து போனது, நடுநடுவே இடைவெளி விட்டு. கடைசியில் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. ஈறில் ரத்தம் நின்றது, தூக்கம் வந்தது. கை நடுக்கம் முழுசாகப் போகவில்லை. போகிற வரைக்கும் போகட்டும், மிச்சத்துக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்று டாக்டரம்மா நேராகவே சொன்னாள். டெல்மிராவும் நேராகவே கேட்டுக்கொண்டாள்.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு, சிரிப்பெல்லாம் ஓய்ந்து ஆம்பிளைகள் கலைந்த பிறகும் ஒருத்தி கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். க்ளீமாக்கோவின் மனைவி பசிலிசா. கை இரண்டும் சால்வைக்குள்.

"கையக் காட்டு பசிலிசா," என்றாள் டெல்மிரா.

அவள் தயங்கினாள். பிறகு வெளியே எடுத்தாள். டெல்மிரா அந்தக் கைகளைத் தன் கைகளால் பிடித்தாள். எவள் கை எவள் கையை ஆட்டுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"எத்தன வருசமா?"

"மூணு. அவர்கிட்ட சொல்லல. எப்படிச் சொல்ல?"

"வா, நானும் வர்றேன்," என்று டெல்மிரா எழுந்தாள்.

அடுப்பில் சூப்பை அப்படியே விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன். க்ளீமாக்கோ கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தன் பெண்டாட்டி உள்ளே வருவதைப் பார்த்தார். பசிலிசா கையை மேசைமேல் வைத்தாள். மேசையிலிருந்த பேனா மெல்ல ஆடியது. அவர் அதை எடுத்தார், பதிவேட்டைத் திறந்தார், டெல்மிராவின் கோணல் கையெழுத்துக்குக் கீழே பசிலிசாவின் பெயரை எழுதினார். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.